தேக்கா சனிக்கிழமை பைத்தான் வகுப்பு: ஆறு குறிகளுக்கு ஒரு முழுக் காலை

துவாஸில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிறவன் நான். 25 வயது நிறைந்த சிங்கப்பூரர்களுக்குக் கிடைக்கும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (பயிற்சி வகுப்புக்கு அரசு தரும் தொகை) சும்மா கிடந்தது. தேக்கா பக்கம் மாடியில் நடக்கும் ஒரு பைத்தான் (கணினி நிரல் எழுதும் மொழி) வகுப்பில் அதைப் போட்டேன். பாடம் இங்கிலீஷில்தான், சந்தேகம் கேட்டால் வாத்தியார் தமிழில் சொல்வார்.

இரண்டாம் வகுப்பு முழுக்க ஒப்பீட்டுக் குறிகள். ==, !=, <, >, <=, >= என்று ஆறே ஆறு (சமம், சமமில்லை, சிறியது, பெரியது, சிறியது அல்லது சமம், பெரியது அல்லது சமம்). இதற்குப் போய் ஒரு காலையா என்றுதான் முதலில் தோன்றியது. வாத்தியார் பலகையில் 'வயது > 60' என்று எழுதினார். (பைத்தானில் மாறிக்கு, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் இடத்துக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம், தெரியுமா?) "எம்ஆர்டி, பஸ்ஸுக்கு மூத்தோர் சலுகை அட்டை 60 வயசுலேர்ந்து. இன்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுற பெரியவர் வந்து நின்னா இது என்ன சொல்லும்?" பின்வரிசை அக்கா ஒருவர் பட்டென்று, "அடுத்த வருஷம் வாங்கன்னு திருப்பி அனுப்பிடும் சார்" என்றார். ஒரு சமக்குறி விட்டுப்போனதால் வந்த வினை. எல்லை எண் எதுவானாலும் 59, 60, 61 என மூன்றையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். கிடங்கில் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

புகைமூட்டக் காலத்து உதாரணமும் நன்றாக இருந்தது. பிஎஸ்ஐ என்பது காற்று மாசுக் குறியீடு; ஆரோக்கியமற்ற நிலை என்றால் '101 <= பிஎஸ்ஐ <= 200'. பைத்தான் இதை நாம் படிக்கிற மாதிரியே புரிந்துகொள்ளும். சி மொழியில் இப்படியே எழுதினால் பிழை காட்டாமல் ஓடும், ஆனால் பிஎஸ்ஐ 20 ஆனாலும் 300 ஆனாலும் விடை 'உண்மை'தான். முதல் ஒப்பீட்டின் விடை 0 அல்லது 1; அதைத்தான் 200உடன் ஒப்பிடுகிறது.

என் வேலைக்கு நேராக உதவியது தேதி விஷயம். தேதியை வெறும் எழுத்தாக வைத்திருந்தால் '05/12/2025' என்பது '10/01/2025'ஐவிடச் சிறியதாம்! டிசம்பரில் காலாவதியாகும் பால்மாவு, ஜனவரிச் சரக்குக்கு முன்னால் வந்து நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று மாற்றி எழுதினால் சரியாகிவிடும்.

இனி குறை. '0.1 + 0.2 == 0.3' ஏன் பொய் என்று வருகிறது என்றதற்கு, "கம்ப்யூட்டர் அப்படித்தான்" என்று தாண்டிவிட்டார். 0.1ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எடை பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

தமிழ் வரிசை பற்றிய பேச்சே இல்லை. சரக்குப் பெயர்களைத் தமிழில் அடுக்கப் பார்த்தேன். 'பழம்' < 'பவளம்' என்று போட்டால் 'ட்ரூ' (உண்மை) என்கிறது பைத்தான். அகராதியில் பவளம்தானே முன்னால்? எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ழகரத்துக்கு வகரத்துக்கு முந்தைய எண். பைத்தான் அந்த எண்ணை மட்டும்தான் பார்க்கிறது. 'ஐசியு' என்ற ஆயத்த நிரல் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் அகரவரிசை கிடைக்கும். அதையும் நானேதான் தேடிப் பிடித்தேன்.

கையில் தரும் குறிப்பு ஒரே ஒரு அட்டவணை, தண்டம். ஏசி குளிர் தாங்காது, சட்டை மேல் ஒன்று போட்டுப் போங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. எக்செல்லில் ஏற்கெனவே புழங்குகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். கம்ப்யூட்டரே புதிது என்றால் வேகம் ஒத்துவராது.