புதிய கிளாரினெட் என்று நம்பி 92,000 ரூபாய் கொடுத்தேன். மலையில் இருப்பவர்கள் கவனிக்கவும்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நேற்று மாலை கோயம்புத்தூரில் வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரின் மேசையில் என் கிளாரினெட்டைப் பிரித்து வைத்தபோதுதான், நான் ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்பது உறுதியாயிற்று. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் சீர் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தொகை 92,000 ரூபாய்.

ஆலயப் பாடகர் குழுவிலும் திருமண வீடுகளிலும் பதினாறு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் கிளாரினெட்டையே வாசித்து வந்தவன் நான். பஃபே கிராம்போன் நிறுவனத்தின் ஆர்13 போன்ற கருவிகள் லட்சக்கணக்கில் விற்கின்றன. பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலையை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு அது எட்டாது. ஆகவே பெயர் பரவாத ஒரு சிறு பட்டறையின் தொழில்முறைக் கருவியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவைப் பற்றி இப்போதும் எனக்கு வருத்தமில்லை, சிறு பட்டறைகளிலும் நல்ல மரத்தில் நேர்த்தியாகக் கடைகிறார்கள். விற்றவரை நம்பியதுதான் என் பிழை.

விற்றது, இசைக்கருவிகள் மட்டுமே விற்கும் ஓர் இணையத்தளம். தொலைபேசியில் பேசியவர் விலையைப் பற்றி வாயே திறக்காமல், கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பைப் பற்றி அரைமணி நேரம் உருகிப் பேசினார். இப்படி ரசிக்கத் தெரிந்தவர் பொய் சொல்லமாட்டார் என்று எண்ணிக்கொண்டேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்டேன்: "எங்கள் ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக இருக்கும், மரம் தாங்குமா?" அவர் சிரித்தார். "ஐயா, பனி கொட்டுகிற ஐரோப்பாவிலேயே வாசிக்கிறார்கள், கோத்தகிரி எம்மாத்திரம்?" நானும் சிரித்துவிட்டேன். அன்றிரவே 92,000 ரூபாயையும் ஒரே தவணையில் அனுப்பினேன்.

பெட்டி வந்ததும் அவசரப்படவில்லை. கிரெனடில்லா என்னும் ஆப்பிரிக்கக் கருமரம், உள்ளே மூச்சின் ஈரமும் வெளியே குளிர்ந்த காற்றுமாக இருபுறமும் வேறுபட்டால் வெடிக்கக்கூடியது என்பதை அறிவேன். நாளுக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் வாசித்து, உள்ளே துணி விட்டுத் துடைத்து, அடுப்படிச் சூட்டிலிருந்து தள்ளி வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் கீழ் ஸ்தாயி முழுவதும் காற்றுக் கலந்து இரைந்தது. டார்ச் வெளிச்சத்தில் மேல்பாகத்தைத் திருப்பிப் பார்த்தபோது, பேரல் எனப்படும், வாய்முனைக்குக் கீழே வரும் குட்டைக் குழாய் பொருந்தும் இடத்திலிருந்து, மேல் ட்ரில் சாவி என்னும் விசையின் துளை வரை தலைமுடி அளவில் ஒரு கோடு ஓடியது. நகத்தால் மெல்லச் சுரண்டினேன்; கறுப்புத் தூளும் காய்ந்த பசையும் நக இடுக்கில் ஒட்டிக்கொண்டன. புதிதாக வெடித்த மரத்துக்குள் பசை எப்படி வந்தது? பெரியவர் அதற்கு விடை சொன்னார்: பழைய வெடிப்பில் மரத்தூளையும் பசையையும் அடைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். கீழ்பாகத்தில் வரிசை எண் இருக்கிறது. மேல்பாகத்தில் அந்த இடம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருக்கிறது.

தளத்திற்கு எழுதினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு, திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். படம் அனுப்பினால் தெளிவில்லை என்றார்கள்; மூன்று முறை அனுப்பினேன், மூன்று முறையும் அதே பதில். கடைசியில் அரைமணி நேரம் உருகிப் பேசிய அதே மனிதர் தொலைபேசியில் வந்தார். அப்போது நான் 'ஐயா', இப்போது 'சார்'. "சார், உங்க ஊர்க் குளிருக்கு மர வாத்தியம் வெடிக்கத்தான் செய்யும், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" விற்கும்போது எம்மாத்திரமாக இருந்த கோத்தகிரி, 92,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் குற்றவாளியாகிவிட்டது. ஆய்வுக் கட்டணமாக 3,500 ரூபாய் கட்டினால் பார்ப்பார்களாம்! கட்டவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். இரண்டு பாகங்களிலும் எண் இருக்கிறதா, ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மேல்பாகத்தின் துளைகளை விரலால் மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, வாயால் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடி சில வினாடிகளாவது நிற்க வேண்டும். பெட்டியைப் பிரிப்பதை முழுவதும் காணொளியாக எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. குளிரைப் பற்றிக் கேட்டால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்பே அனுப்பாதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்குப் போடத் திங்கட்கிழமை முதல் பேருந்தில் எங்கள் மாவட்டத் தலைநகரான உதகைக்குப் போகிறேன், ரசீதோடும் அந்த மேல்பாகத்தோடும்.