நாய்க்குட்டிக்கு ஊசி எங்கே போடுவது: அரசு மருத்துவமனையா, கிளினிக்கா, வீட்டிலேயேவா?

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது கருப்பி என்ற நாட்டு நாயும் ஒரு பூனையும். கருப்பிக்கு முன்னால் மணி என்றொரு குட்டி இருந்தான். மூன்றரை மாதத்தில் பார்வோ என்ற குடலைத் தாக்கும் வைரஸ் நோய் வந்து இறந்துபோனான். அவனுக்கும் ஊசி போட்டிருந்தோம். அதனால்தான் கருப்பி வந்தபோது ஊசியை எங்கே போடுவது என்று அத்தனை யோசித்தோம். மதுரையில் எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று: அரசு கால்நடை மருத்துவமனை, தனியார் கிளினிக், மெடிக்கலில் மருந்தை வாங்கி வைத்துவிட்டு ஆளை வீட்டுக்கு வரச் சொல்வது.

செலவு அரசு மருத்துவமனையில் குறைவு, கிளினிக்கில் அதிகம். கூட்டமும் தூரமும் அவரவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்ட விஷயம் வேறு. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருந்தாக வேண்டும். தயாரித்த இடத்திலிருந்து நாயின் தோலுக்குள் போகும் வரை அந்தக் குளிர் எங்கேயும் அறுபடக் கூடாது.

நாம் 'பார்வோ ஊசி' என்று பேச்சுவாக்கில் சொல்வது ஒரே நோய்க்கானது அல்ல. பார்வோ, மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ், இருமல் தரும் பாராஇன்ஃப்ளூயன்சா ஆகிய நான்கு நோய்களுக்குமான மருந்து ஒரு சின்னக் குப்பியில் காய்ந்த பொடியாக இருக்கும். எலிக்காய்ச்சலுக்கான மருந்து பெரும்பாலும் இன்னொரு குப்பியில் திரவமாக வரும். அந்தத் திரவத்தில் பொடியைக் கரைத்து உடனே போட வேண்டும். பொடிக்குள் இருப்பது வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ். சூடு பட்டால் அது செத்துவிடும். ரேபிஸ் மருந்து வேறு மாதிரி. அதில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி. அதை உறையவிட்டால் கெட்டுவிடும். கெட்டுப்போன மருந்து பெரும்பாலும் நல்ல மருந்தைப் போலவேதான் இருக்கும். நிறம் மாறாது, வாடை வராது. ஊசி போட்டாயிற்று என்று நாம் நிம்மதியாக இருப்போம், நாய்க்குள் எதிர்ப்புச் சக்தி வந்திருக்காது.

மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். மெடிக்கலில் மருந்தை ஒரு கேரி பேகில் போட்டு, மேலே நான்கைந்து ஐஸ் கட்டிகளை அள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் ஐஸ் உருகி, குப்பிகள் தண்ணீரில் மிதந்தன. ஒட்டியிருந்த லேபிள் ஊறி வழுக்கியது. ஊசி போடும் அண்ணன் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர், ஆறு மணிக்கு வந்தார். மருந்தை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன். நடுவில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜிலேயே சூடு அதிகம் ஏறுகிற இடம் கதவுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மருந்து கெட்டதால்தான் மணி இறந்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. இன்னொரு காரணமும் இருக்கலாம். சீம்பாலில் குட்டிக்கு வரும் தாயின் எதிர்ப்புச் சக்தி, நாம் போடும் ஊசி மருந்தையும் சேர்த்து முறித்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசித் தவணையைப் பதினாறு வாரம் ஆன பிறகு போடச் சொல்கிறார்கள். மணிக்கு ஏழாவது வாரமும் பதினோராவது வாரமும் போட்டு, 'ரெண்டு போட்டாச்சு, போதும்' என்று விட்டிருந்தோம். பதினான்காவது வாரத்தில் ரத்தமாகப் பேதி போனான். வீடு முழுக்க ஒரு வாடை, சொன்னால் புரியாது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் மீளவில்லை. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, ஒரு வருஷம் கழித்துத்தான் கருப்பியைக் கொண்டுவந்தோம்.

கருப்பியின் குட்டிப் பருவ ஊசிகள் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கிளினிக்கில் போட்டோம். மருந்தைப் பார்க்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். டாக்டர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். நடுத்தட்டில் மருந்துப் பெட்டிகள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், அதில் 4 டிகிரி. சாப்பாட்டுப் பொருள் எதுவும் உள்ளே இல்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றார். குப்பியை எடுத்து, காலாவதி தேதியை எங்களிடம் காட்டி, எங்கள் கண் முன்னாலேயே கலந்து போட்டார். பிறகு குப்பியிலிருந்த ஸ்டிக்கரை உரித்து, தடுப்பூசி அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். தயாரிப்பு எண் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. மணியின் அட்டையில் வெறும் தேதி மட்டும்தான் இருந்தது.

ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். அரிதாகச் சில நாய்களுக்கு முகம் வீங்கும், மூச்சுத் திணறும். அந்த நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, ஒரு குப்பியை இரண்டு குட்டிக்குப் பிரித்துப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள். குட்டி சின்னதோ பெரிதோ, ஒரு குட்டிக்கு முழுக் குப்பி வேண்டும்.

கிளினிக்கிலும் ஒரு ஆபத்து உண்டு. நோயோடு வரும் நாய்களும் அதே தரையில்தான் நிற்கும். தவணை முடியாத குட்டியைக் கீழே விடவே கூடாது. கருப்பியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தோம். அரசு மருத்துவமனைக்குப் போனாலும் இதே கவனம் வேண்டும்.

சரி, அரசு மருத்துவமனை. ரேபிஸ் ஊசிக்கு அதையே தயங்காமல் சொல்வேன். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி இலவச முகாம்கள் நடக்கும். 1885 ஜூலை 6 அன்றுதான் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ரேபிஸ் ஊசி போடச் செய்தார். செப்டம்பர் 28 அவர் இறந்த நாள். நாங்கள் போன முகாமில் ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து வரிசையாகப் போட்டார்கள். மருந்து தேங்கிக் கிடக்கவே நேரம் இல்லை. சான்றிதழும் கையோடு கிடைத்தது. ஆனால் பார்வோ ஊசிக்கு நான் போனபோது, மருந்தை வெளியில் வாங்கிவரச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் குளிரைக் காக்கும் பொறுப்பு மறுபடி நம் தலையில். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஐஸ் பேக் வைத்த தெர்மாஸை எடுத்துப்போங்கள். குப்பி நேரடியாக ஐஸில் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். வாங்கிய கையோடு போட்டுவிடுங்கள்.

பூனை விஷயத்தில் என் அனுபவம் குறைவு. வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரே பூனைதான் வளர்த்திருக்கிறேன். பூனைக்குப் பேன்லூக்கோபீனியா என்ற, பார்வோவுக்கு நெருங்கிய நோய் இருக்கிறது. அதற்கும் சளி நோய்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி. ரேபிஸ் தனி. கூடையில் அடைத்துக் கொண்டுபோனால் எங்கள் பூனை இரண்டு நாள் சாப்பிடாது. அதனால் பூனைக்கு மட்டும் அதே கிளினிக் டாக்டரை வீட்டுக்கு அழைக்கிறோம். மருந்தைக் கிளினிக் ஃப்ரிட்ஜிலிருந்து குளிர்ப்பெட்டியில் அவரே எடுத்துவருகிறார்.

பெரிய நாய்க்கு எல்லா ஊசியையும் வருஷா வருஷம் போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நம் ஊரில் ரேபிஸும் எலிக்காய்ச்சலும் வருஷம் ஒருமுறை. குட்டியில் தவணையை முழுதாக முடித்து, அதன் பிறகு ஒரு பூஸ்டரும் போட்ட நாய்க்கு, பார்வோவும் டிஸ்டெம்பரும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்கின்றன உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள். எங்கள் டாக்டரும் அப்படித்தான் செய்கிறார். கருப்பிக்கு அடுத்த ரேபிஸ் ஊசி செப்டம்பரில் வருகிறது. அதற்கு அரசு முகாமுக்குத்தான் கூட்டிப்போகிறோம், எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் தெரு நாயையும் சேர்த்து.