சென்னையில் எடைக்குறைப்பு ஆபரேஷன்: பேக்கேஜில் சொல்லாதவை

லண்டனில் என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவை வழியாக எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்பதால், இந்த லீவிலேயே சென்னையில் முடித்துவிடலாம் என்று அக்கா நினைத்தார். விசாரிக்க நானும் கூடப் போனேன்.

நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் வேகம் அபாரம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் ஒரே கட்டடத்தில் முடிந்து, ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கவனிக்கும் அலுவலர் அறை, தேதி, தள்ளுபடி பற்றி மட்டுமே பேசினார். ஆபத்து என்னென்ன என்று கேட்டதற்கு, "பயப்படாதீங்க மேடம், சின்னத் துளை வழியா செய்யற லேப்ராஸ்கோபிதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஆபரேஷனில் ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பழையபடி ஆக்க முடியாது. தையல் கசிவது அபூர்வம்தான், ஆனால் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அது காய்ச்சல், படபடப்பு, வயிற்றுவலி என்று தலைகாட்டலாம். காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. அந்த நிலையில் லண்டன்வரை விமானத்தில் உட்கார்ந்து வருவது அதை இன்னும் கூட்டும். 2024 ஏப்ரலில் சென்னையை ஒட்டிய பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குப் போன 26 வயது புதுச்சேரி இளைஞர் இறந்துபோனதை அதற்குள் எப்படி மறந்தார்கள்?

சர்ஜன் நேர்மையாகப் பேசினார். அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருப்பதால் ஸ்லீவ் செய்தால் அது மோசமாகலாம், இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறை பொருந்தலாம் என்றார். அப்படிச் செய்தால் பி12, இரும்பு, கால்சியம் ஆயுள் முழுக்க வேண்டும். இனிப்புச் சாப்பிட்டால் வியர்த்து மயக்கம் வரலாம். முடி கொட்டுவது, பித்தப்பைக் கல், விடாத வாந்தியால் வரும் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு எல்லாவற்றையும் டயட்டீஷியன் பொறுமையாக விளக்கினார். அந்த அம்மாவுக்கு நன்றி.

இங்கிலாந்தில் செய்துகொண்டால் குறைந்தது 2 ஆண்டுகள் சிறப்புக் குழுவே கண்காணிக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இங்கே பேக்கேஜில் இருந்ததோ சில வீடியோ கால்கள். "லண்டனில் நடுராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?" என்று அக்கா கேட்டார். பதில் இல்லை.

சர்க்கரை நோயோடு போராடும் பலருக்கு இந்த ஆபரேஷன் பெரிய நன்மை செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அக்கா முன்பணம் கட்டவில்லை. எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டோடு லண்டனில் தன் ஜி.பி.யை, அதாவது குடும்ப டாக்டரை, பார்க்கப் போகிறார்.