பைலட் கிரவுண்ட் கிளாஸ், சென்னை: பாடம் சூப்பர், "வேலை கேரண்டி" பேச்ச மட்டும் நம்பி பணம் கட்டாதீங்க

பைலட் லைசென்ஸ் தியரி பரீட்சைக்கு சொல்லித்தர்ற கிரவுண்ட் கிளாஸ நாலரை மாசம் படிச்சு போன வாரம்தான் முடிச்சேன். இன்ஸ்டிட்யூட் பேரு போடல, ஆனா எந்த கிரவுண்ட் கிளாஸ்ல சேரப்போறவங்களுக்கும் இது யூஸ் ஆகும்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். நேவிகேஷன் சார் ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, சிஆர்-3ங்கற கணக்கு போடற வட்ட டிஸ்க்க கைல குடுத்து விண்ட் டிரிஃப்ட் (காத்து ஃப்ளைட்ட பக்கவாட்டுல தள்றது) கணக்கு ஒவ்வொண்ணையும் நம்மளயே போட வெப்பாரு, தப்பா வந்தா எந்த ஸ்டெப்ல தப்புனு நாமளே கண்டுபுடிக்கிற வரைக்கும் அடுத்த கணக்குக்கு போகமாட்டாரு. மெட் (வானிலை) கிளாஸ் தினமும் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டோட மெட்டார்ங்கற வானிலை ரிப்போர்ட்ட படிச்சுட்டுதான் ஆரம்பிக்கும். ஜூன்ல காலைல மேற்கு காத்து, மத்தியானம் கடல் காத்து உள்ள நுழைஞ்சதும் அப்டியே திரும்பி கிழக்குலேர்ந்து அடிக்கும், ஃப்ளைட் காத்துக்கு எதிராதான் இறங்கும்ங்கறதால, மேற்கு பாத்த ரன்வே 25ல இறங்கிட்டிருந்ததெல்லாம் கிழக்கு பாத்த 07க்கு மாறுதுனு அந்த கிளாஸ்லதான் எனக்கு புரிஞ்சுது. நான் பிளஸ் டூல காமர்ஸ், ஃபிசிக்ஸும் மேத்ஸும் தனியா என்ஐஓஎஸ்ங்கற ஓபன் ஸ்கூல்ல எழுதிட்டு வந்தவன், எனக்கே புரியுதுன்னா பாத்துக்கோங்க. டிஜிசிஏ (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து ஆணையம்) பேப்பர் ஒவ்வொண்ணுலயும் 70% எடுத்தாதான் பாஸ், நேவிகேஷன், மெட், ரெகுலேஷன்ஸ் மூணும் மொத அட்டெம்ப்ட்லயே கிளியர் ஆச்சு. டெக்னிக்கல் ஜெனரல் (ஃப்ளைட், எஞ்சின் பத்தின பாடம்) சுமார்தான், வாத்தியார் பாதில மாறிட்டாரு. கண்ட்ரோல் டவரோட ரேடியோல பேசற ரேடியோ டெலிஃபோனிக்கு ரெண்டே ரெண்டு கிளாஸ், அது பத்தவே பத்தாது, வாய விட்டு பேசி பழகுனாதான் வரும்.

இப்ப கோவம் வந்த விஷயம். அட்மிஷன் அன்னிக்கு கவுன்சிலர் எங்கப்பாகிட்ட 2023ல இண்டிகோ 500 ஃப்ளைட், ஏர் இந்தியா 470 ஃப்ளைட் ஆர்டர் போட்டத காட்டி, சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்குன கையோட வேலைனு சொன்னாங்க, அப்பா திருச்சி மனைய வித்துடலாமானு யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஆர்டர் உண்மைதான், ஆனா அந்த ஃப்ளைட்டெல்லாம் பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமாதான் வரும். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறக்கணும், அதுல 100 மணி நேரம் நாமளே பைலட் இன் கமாண்டா (ஃப்ளைட்டுக்கு முழு பொறுப்பா), ஊர் விட்டு ஊர் போற 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி ஒண்ணு, நைட்ல 5 மணி நேரம். அதோட ஒண்ணுக்கு மேல எஞ்சின் உள்ள ஃப்ளைட் ஓட்ட மல்டி எஞ்சின் ரேட்டிங், கருவிகள மட்டும் பாத்து ஓட்ட இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். இவ்ளோ முடிச்சாலும் ஏர்லைன் ரைட்டன் டெஸ்ட், ஆப்டிட்யூட், சிமுலேட்டர் டெஸ்ட், இன்டர்வியூனு வடிகட்டும், டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட மாடல் ஃப்ளைட் ஓட்டறதுக்கான தகுதி) முடிச்சவங்க மட்டும் அப்ளை பண்ணுங்கனு வர்ற விளம்பரமும் இருக்கு, அதுக்கு தனியா லட்சக்கணக்குல ஆகும். இதுல ஒண்ணு கூட அன்னிக்கு வாய்ல வரல.

கேடட் புரோகிராம்னு ஒரு ரூட் இருக்குங்கறதயும் சீனியர் அண்ணா ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுகிட்டேன். அதுல ஏர்லைனே மொதல்ல செலக்ட் பண்ணி அவங்க டையப் வெச்சிருக்கற ஃப்ளையிங் ஸ்கூலுக்கு அனுப்பும், டைப் ரேட்டிங் வரைக்கும் ஒரே லைன்ல போகும். செலவு பெருசு, பெரும்பாலும் நம்ம காசுதான், ஆனா செலக்ட் ஆவோமாங்கறது பெரிய பணம் எறங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். அந்த ஒரு காரணத்துக்காகவே எங்க வீட்ல இப்ப இதுக்குதான் ட்ரை பண்றோம், மனை அப்டியே இருக்கு.

இன்னொண்ணு, மெடிக்கல். பைலட்டுக்கான உடல் தகுதி டெஸ்ட்ல கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1, ரெண்டும் முடிச்சுட்டு ஃபீஸ் கட்டுங்கனு அவங்களே சொல்லிருக்கணும். எங்க பேட்ச் பையன் ஒருத்தன் முழு ஃபீஸும் கட்டி ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட்டுக்கு போனான், கலர் விஷன்ல நின்னுடுச்சு. பணத்துல பாதி கூட திரும்ப வரல. அவன் அன்னிக்கு கிளாஸ்ல வந்து புக்க எடுத்துட்டு போனது இன்னும் கண்ணுல நிக்குது.

பாடத்துக்கு 5க்கு 4 குடுக்கறேன், அட்மிஷன் டேபிளுக்கு 1. சேரறதா இருந்தா நேவிகேஷன் சார் எடுக்கற காலை பேட்ச்தானானு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, சாயங்கால பேட்ச்சுக்கு வேற ஆளு.