ஊர் டிவி வெளிநாட்டில்: வாடகை விபிஎனா, ஸ்மார்ட் டிஎன்எஸ்ஸா, வீட்டு ரூட்டரா?

சூட்கேஸைப் பிரிக்கும் முன்பே ஹோட்டல் வைஃபையைப் பிடித்து, ஊரில் பாதியில் விட்டுவந்த தொடரைத் தேடுகிற ஆள் நான். 'இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று திரை கையை விரிக்கும். சந்தா என் பெயரில்தான் இருக்கிறது, மாதம் தவறாமல் பணமும் போகிறது. நான் எல்லையைத் தாண்டியதுதான் குற்றம். ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகக் கூறுபோட்டு விற்பதால் வரும் வினை இது.

உடனே எல்லோரும் சொல்லும் தீர்வு, 'ஒரு விபிஎன் வாங்கிப் போடு'. நம் இணையப் போக்குவரத்தை இன்னொரு ஊரின் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. அது ஒரு வழிதான், ஒரே வழி இல்லை. டவுன்லோடு, வாடகை விபிஎன், ஸ்மார்ட் டிஎன்எஸ், வீட்டு ரூட்டர் என நான்கையும் மாறி மாறிப் பார்த்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரில் உங்கள் வீடும் அதில் ஓரளவு நல்ல இணைய இணைப்பும் இருந்தால், வாடகை விபிஎனை விட அந்த வீடே மேல். ஏன் என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

முதலில், கேட்காமலே கிடைப்பது

பலர் இதைப் பார்ப்பதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டில் கட்டணச் சந்தா வைத்திருப்பவர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால், அங்கேயும் தன் ஊர்ப் பட்டியலையே பார்க்கலாம். விபிஎன் தேவையே இல்லை. இலவசச் சேவைகளுக்கு இது கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் சேரலாம். பிரிட்டன் வெளியேறியபின், 2021 தொடக்கத்திலிருந்து இது அவர்களுக்குப் பொருந்தாது.

அடுத்தது டவுன்லோடு. பிபிசி ஐபிளேயரில் பிரிட்டனுக்குள் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் வெளிநாட்டில் பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸில் சில தலைப்புகள் பார்க்க ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், அதைக் கவனித்து இறக்குங்கள். ஒரு வாரப் பயணம், ஒரே ஒரு தொடர் என்றால் இத்தோடு வேலை முடிந்தது. நேரலை பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் இருக்கப் போகிறேன் என்றால் மேலே படியுங்கள்.

ஓடிடி சேவைகள் நம் இருப்பிடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

நம் இணைப்பின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதற்கான அடையாள எண்ணை, வைத்துத்தான். ஒவ்வொரு ஐபி தொகுதியும் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது பொதுவில் இருக்கும் தகவல். மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் இதைத் தொகுத்து, எந்த முகவரி எந்த நாட்டில் இருக்கிறது, வீட்டு இணைப்பா, சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டரா, விபிஎனா என்று பட்டியல் போட்டு விற்கின்றன. ஓடிடி சேவை அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறது. எனவே 'எந்த நாடு' என்பது பாதிக் கேள்விதான். 'யாருடைய முகவரி' என்பது மீதி. வாடகை விபிஎன்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டாவது கேள்வியில்.

வாடகை விபிஎன்

நார்ட்விபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் என்று பெரிய பெயர்கள் உண்டு. ஆப்பை இறக்கி, நாட்டைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தினால் போதும். தொழில்நுட்பம் தெரியாதவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஊரில் வீடு, ஆள் எதுவும் தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் 30 நாள் பணம் திருப்பித் தரும் வாக்குறுதியும் கொடுக்கின்றன.

சிக்கல், ஒரே முகவரியை ஆயிரக்கணக்கானோர் பகிர்வது. ஒரு டேட்டா சென்டர் முகவரியிலிருந்து அத்தனை வெவ்வேறு கணக்குகள் உள்ளே வந்தால் எந்தச் சேவைக்கும் சந்தேகம் வரும். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே மூச்சில் 130 நாடுகளுக்கு விரிந்தது. அதே மாதம்தான் விபிஎன் தடுப்பையும் இறுக்கப் போவதாக அறிவித்தது. அன்று தொடங்கிய திருடன்–போலீஸ் ஆட்டம் இன்னும் ஓயவில்லை. முகவரியைத் தடுப்பார்கள், விபிஎன்காரர் புதியது வாங்குவார், அதையும் தடுப்பார்கள்.

நடைமுறையில் இது எப்படியிருக்கும் தெரியுமா? இரவு எட்டரைக்கு நேரலை. எட்டு இருபதுக்கு இணைக்கிறேன், வேலை செய்கிறது. எட்டு முப்பத்தைந்துக்குத் திரை கறுப்பாகி 'ப்ராக்ஸி' என்று பிழைச் செய்தி. வேறு சர்வர் மாற்றுகிறேன், சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதில் படம் வருகிறது, ஆனால் முகம் தெரியாத அளவுக்கு மங்கல். அரட்டை உதவிக்குப் போனால், குக்கீயை அழியுங்கள், இன்னொரு நகரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். நகரம் கிடைப்பதற்குள் முதல் பாதி போய்விட்டது.

நெட்ஃபிளிக்ஸில் இன்னொரு நுணுக்கம். விபிஎன் என்று தெரிந்தால் சில நேரம் பிழை காட்டாமல், உலகம் முழுவதற்கும் உரிமை உள்ள தலைப்புகளை மட்டும் காட்டும். எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும், நாம் தேடும் படம் மட்டும் இருக்காது. விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்திலும் நேரலை நிகழ்ச்சிகளிலும் விபிஎனுக்கு இடமில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சர்வர் பட்டியலில் நாட்டின் பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. 2022 ஏப்ரலில் இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை ஏற்காமல் மேலே சொன்ன மூன்று நிறுவனங்களும் அங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் பட்டியலில் 'இந்தியா' இருந்தது, ஆனால் மெஷின்கள் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும். இந்திய முகவரியை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மெய்நிகர் இடம் என்று இதற்குப் பெயர். வேலை செய்யும்தான், ஆனால் தூரக் கணக்கு மாறிவிடும்.

இலவச விபிஎன் பற்றி இரண்டே வரி. 2015-இல் ஹோலா என்ற இலவச விபிஎனின் விவகாரம் வெளியே வந்தது: இலவசமாகப் பயன்படுத்தியவர்களின் இணைப்பையே அந்த நிறுவனம் இன்னொரு பக்கம் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. புரோட்டான் போன்ற நாணயமான இலவசத் திட்டங்களில் நாட்டை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, ஆக இந்த வேலைக்கு அவை உதவாது.

ஸ்மார்ட் டிஎன்எஸ்

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் இணையத்தின் முகவரிப் புத்தகம். ஸ்மார்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒரு தனி அழகு உண்டு. எல்லாப் போக்குவரத்தையும் ஊர் வழியாகத் திருப்பாமல், இருப்பிடத்தைச் சோதிக்கும் அந்தச் சில முகவரிகளை மட்டும் திருப்பிவிடும். படம் நேரடியாக வருவதால் வேகம் குறையாது. விபிஎன் ஆப் போட முடியாத பழைய டிவியிலும் டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் போதும்.

ஆனால் குறியாக்கம் கிடையாது, பொது வைஃபையில் எந்தப் பாதுகாப்பும் தராது. நீங்கள் இருக்கும் இடத்தின் ஐபி மாறும்போதெல்லாம் சேவையின் தளத்தில் போய்ப் பதிந்து வர வேண்டும். குரோம்காஸ்ட் போன்ற சில கருவிகள் நாம் கொடுத்த டிஎன்எஸ்ஸை மதிக்காமல் கூகுளின் 8.8.8.8-ஐத்தான் கேட்கும். ரூட்டரில் அதை மறித்துத் திருப்ப வேண்டும், ஹோட்டல் ரூட்டரில் நம் கை எட்டாது. ஒரே வீட்டில் ஆறு மாதம் தங்குபவருக்குச் சரி. நாளுக்கொரு ஊர் என்று சுற்றுபவருக்குத் தலைவலி.

வீட்டையே சர்வராக்குவது

யோசனை புதிதில்லை. 2005-இல் ஸ்லிங்பாக்ஸ் என்ற பெட்டி வந்தது. ஊர் ஊராகப் போகும்போதும் தங்கள் பேஸ்பால் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு சகோதரர்கள் உருவாக்கியது. வீட்டு டிவி இணைப்பை இணையம் வழியே எங்கேயும் கொண்டுவந்து கொடுத்தது. 2022 நவம்பர் 9 அன்று அதன் சர்வர்களை அணைத்தார்கள், பெட்டிகள் எல்லாம் வெறும் டப்பா ஆயின. அதே யோசனையை இன்று நாமே, யாருடைய சர்வரையும் நம்பாமல் செய்துகொள்ளலாம்.

வீட்டில் ஒரு விபிஎன் சர்வர் ஓடும். நீங்கள் எங்கிருந்தாலும் அதில் இணைந்து, வீட்டு இணைப்பு வழியாகவே வெளியே போவீர்கள். ஓடிடி சேவைக்குத் தெரிவது வருடக்கணக்கில் அதற்குப் பழக்கமான உங்கள் வீட்டு முகவரி. டேட்டா சென்டர் வாசனையே இருக்காது, பகிர்பவர்கள் கூட்டமும் இல்லை. 'யாருடைய முகவரி' என்ற கேள்விக்கு இதுதான் நேர்மையான பதில்.

ஏசுஸ், ஃபிரிட்ஸ்பாக்ஸ் போன்றவற்றின் பல ரூட்டர்களில் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் உள்ளேயே வருகிறது. இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று போதும். வயர்கார்ட் சுமார் 4,000 வரிக் குறிமுறை கொண்ட சின்ன நெறிமுறை. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே (5.6 பதிப்பு) சேர்ந்துவிட்டது. பழைய நெறிமுறையான ஓபன்விபிஎனை விட இலகுவானது, சின்னக் கருவியிலும் வேகமாக ஓடும்.

இரண்டு கணக்குகளைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒன்று, வீட்டின் அப்லோடு வேகம். நாம் எப்போதும் பெருமையடித்துக்கொள்வது டவுன்லோடு எண்ணைத்தான். இங்கே படம் வீட்டுக்கு வந்து, திரும்ப வெளியே போக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது. ஆக அப்லோடு 10 இருந்தால் ஒரு திரைக்குத் தாராளம், 3 இருந்தால் தினமும் புலம்பல்தான்.

இரண்டாவது, சிஜிநாட். பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் இணைய நிறுவனங்கள் உண்டு. ரூட்டரின் வெளிப்பக்க (WAN) ஐபி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர், வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அப்போது கைகொடுப்பது டெயில்ஸ்கேல். வயர்கார்டின் மேல் கட்டியது, தனிநபர்களுக்கு இலவசத் திட்டம் உண்டு, ரூட்டரில் வெளியாருக்கான வாசல் (போர்ட்) எதையும் திறக்காமலே இரு முனைகளையும் சேர்த்துவைக்கும். வீட்டில் ஆப்பிள் டிவி இருந்தால், 2023-இல் வந்த அதன் மென்பொருளான டிவிஓஎஸ் 17-க்குப் பிறகு, அந்தப் பெட்டியையே வெளியேறும் வாசலாக வைத்துக்கொள்ளலாம், தனி மெஷின் வேண்டாம். நேர்வழி கிடைக்காதபோது டெயில்ஸ்கேல் தன் இடைநிலை சர்வர் வழியாக அனுப்பும், அப்போது மட்டும் வேகம் படுத்துவிடும்.

இந்த வழியின் பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஒருநாள் இரவு திடீரென்று எல்லாம் நின்றது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்குமே, அதுல பச்சை லைட் எரியுதா?"

"எந்தப் பெட்டி? இங்க ரெண்டு இருக்கு. ஒண்ணுல லைட்டே இல்ல. அம்மா அங்கதான் ஃபோன் சார்ஜ் போட்டிருக்கா."

அம்மாவின் சார்ஜருக்கு இடம் கொடுத்து என் சர்வர் பதவி இழந்திருந்தது. அப்புறம் அந்தப் பிளக்கின் மேல் 'கழற்ற வேண்டாம்' என்று காகிதம் ஒட்டச் சொன்னேன். வீட்டில் யாருமே இல்லை என்றால், மின்சாரம் போய் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும்படி எல்லாவற்றையும் அமைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஐபி மாறினாலும் தேடிப் பிடிக்க ரூட்டரில் டைனமிக் டிஎன்எஸ்ஸையும் போட்டுவையுங்கள்.

எந்த வழியிலும் மாட்டுகிற இடங்கள்

ஃபோனில் விபிஎன் போட்டுவிட்டு டிவிக்கு 'காஸ்ட்' செய்தால் வேலை செய்யாது. காஸ்ட் செய்தபின் படத்தை இழுப்பது டிவியில் இருக்கும் கருவி, ஃபோன் வெறும் ரிமோட். எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்பை நேராகச் சொருகுவது பழைய முறைதான், ஆனால் ஏமாற்றாது. நீண்ட பயணம் என்றால் ஜிஎல்.ஐநெட் வகைப் பயண ரூட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஹோட்டல் வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தில் ஒருமுறை அதை நுழைத்துவிட்டால், டிவி ஸ்டிக் உட்பட எல்லாமே அதன் வழியாக ஊருக்குப் போகும்.

சில விளையாட்டு ஆப்கள் ஐபியோடு நிற்காமல் ஃபோனின் ஜிபிஎஸ்ஸையும் கேட்கும், அங்கே எந்த விபிஎனும் பயனில்லை. லேப்டாப் பிரவுசரில் இந்தத் தொல்லை குறைவு. விபிஎன் பழைய வகை முகவரியான ஐபிவி4-ஐ மட்டும் சுமந்து, புதிய வகையான ஐபிவி6 மட்டும் வெளிநாட்டு முகவரியோடு நேராகப் போய்க் காட்டிக்கொடுப்பதும் உண்டு. காரணம் தெரியாமல் தடை வந்தால் முதலில் இதைப் பாருங்கள். இணையத்தில் தரவை அனுப்ப யுடிபி, டிசிபி என்று இரண்டு முறைகள் உண்டு, சில ஹோட்டல்களில் யுடிபியை அடைத்திருப்பார்கள். வயர்கார்ட் யுடிபியில் மட்டுமே ஓடும், அங்கே ஓபன்விபிஎனை, சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் வாசலான டிசிபி 443-இல் ஓட்டினால் தப்பிக்கலாம்.

சட்டம்? விபிஎன் பயன்படுத்துவது பெரும்பாலான நாடுகளில் குற்றமில்லை. சீனாவில் அனுமதி பெறாத விபிஎன்களுக்குத் தடை உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ போலி ஐபி பயன்படுத்தினால் கடும் தண்டனை. போகிற நாட்டின் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிடி ஒப்பந்தம் வேறு விஷயம். இருப்பிடத்தை மாற்றிக் காட்டக் கூடாது என்று அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கும், வீட்டு வழியாகப் போனாலும் அந்த வரி நம்மை விடாது.

எனவே வீடும் அப்லோடும் இருப்பவர் வீட்டு வழி. வீடு இல்லாதவர், அல்லது பல நாட்டுச் சேனல்கள் தேவைப்படுபவர், மாதச் சந்தாவில் ஒரு வாடகை விபிஎன். இரண்டாண்டுத் திட்டத்தின் தள்ளுபடியில் மயங்க வேண்டாம், இன்று திறக்கும் கதவு அடுத்த மாதம் மூடிக்கொள்ளலாம். நான் வீட்டு வழியையே நம்பி, அது படுக்கும் நாளுக்கு மட்டும் ஒரு மாத வாடகை எடுத்துக்கொள்கிறேன்.

எதை எடுத்தாலும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சோதியுங்கள். வீட்டு வழி என்றால் ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இணைந்து ஒரு முழு நிகழ்ச்சியை ஓடவிட்டுப் பாருங்கள். எல்லா ஆப்பிலும் முன்கூட்டியே உள்நுழைந்து வையுங்கள். ஊர் சிம் மேசை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தால், அங்கே கேட்கும் ஓடிபி அந்த டிராயருக்குத்தான் வரும்.