சினானிம், ஆன்டனிம் படிக்க மெரியம்-வெப்ஸ்டர் தெசாரஸ்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பெரும்பாலும் தமிழ் வழியில் படித்தவர்கள். எல்லார் போனிலும் ஒரு பிடிஎஃப் இருக்கும்: சொல், பக்கத்தில் சினானிம் (ஒத்த சொல்), அதற்குப் பக்கத்தில் ஆன்டனிம் (எதிர்ச்சொல்). அதை அப்படியே மனப்பாடம் செய்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. நான் கைகாட்டுவது மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தெசாரஸை, அதாவது ஒத்த சொற்களையும் எதிர்ச்சொற்களையும் தொகுத்துத் தரும் அகராதியை. காசு கிடையாது, விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

ஒரு சொல்லைத் தேடினால் பொருள் வாரியாகப் பிரித்துத் தருகிறது. 'ஃபாஸ்ட்' என்று போட்டுப் பாருங்கள். வேகம் என்றால் எதிர்ச்சொல் 'ஸ்லோ'. ஆனால் 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றால் உற்ற நண்பர்கள். அங்கே 'டிஸ்லாயல்' தான் எதிர்ப்பக்கம். பிடிஎஃபில் 'ஸ்லோ' மட்டும் இருக்கும். தேர்வில் வாக்கியத்தோடு சொல்லைக் கொடுத்துக் கேட்டால் பிள்ளை என்ன செய்யும்?

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே கூட்டத்துச் சொற்களை அருகருகே வைத்து வித்தியாசம் சொல்லும் சிறு குறிப்புகள். எல்லாச் சொல்லுக்கும் இருக்காது. இருக்கிற இடத்தில் விடாமல் படிக்க வேண்டும். 'ஃப்ருகல்', 'த்ரிஃப்டி' இரண்டுமே சிக்கனம்தான். ஆடம்பரமில்லாத எளிய வாழ்க்கை முதலாவதில் தெரியும். உழைத்து, பார்த்துப் பார்த்துக் குடும்பம் நடத்துவது இரண்டாவதில். 'ஸ்டிஞ்சி' வந்துவிட்டால் கஞ்சத்தனம், அது வசவு. இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு உருப்போடும் பிள்ளை, நல்ல மனிதரைப் பாராட்ட நினைத்துத் திட்டிவிட்டு வரும். நான்கு விடைகளில் 'மிகப் பொருத்தமானது எது' என்று கேட்கும்போது இந்த நுணுக்கம்தான் கைகொடுக்கும். முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, ஒன்றுக்கு 2 மதிப்பெண், தப்பாகக் குறித்தால் அரை மதிப்பெண் போகும். குத்துமதிப்பாகக் குறிக்க முடியாது.

இந்த மெரியம்-வெப்ஸ்டர்காரர்களை நம்பலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நோவா வெப்ஸ்டர் 1828-ல் கொண்டுவந்த அகராதியின் உரிமையை 1843-ல் வாங்கியவர்கள் மெரியம் சகோதரர்கள். அந்த நிறுவனம் ஒத்தசொற்களுக்கென்றே தனி அகராதியை 1942-லேயே வெளியிட்டது. இந்த வேலையில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம்.

சரி, குறைகள். எதிர்ச்சொற்களையும் அதற்குக் கிட்டத்தில் வருபவற்றையும் ஒரே தலைப்பில் தருகிறார்கள். நேர் எதிர் எது என்று நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். உச்சரிப்பும் ஸ்பெல்லிங்கும் அமெரிக்க வழக்கில் இருக்கும். விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால், அடிப்படைச் சொற்களே தடுமாறுகிறவர்கள் முதலில் ஒரு நல்ல ஆங்கிலம்-தமிழ் அகராதியோடு கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு அப்புறம் இதற்கு வரலாம்.

என் வகுப்பில் பழைய வினாத்தாளைப் போடச் சொல்வேன். விடை தப்பிய ஒவ்வொரு கேள்விக்கும், சரியான விடையை மட்டுமல்ல, மற்ற மூன்று விடைகளையும் சேர்த்து இதில் தேட வேண்டும். தேடியதை வைத்து நோட்டில் சொந்தமாக ஒரு வாக்கியம். எங்கள் தெருவையோ வீட்டையோ பற்றிய வாக்கியமாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன்.