பால் இல்லை, கோதுமை இல்லை, கும்பகோணம் உண்டு

பிள்ளைக்குப் பாலும் கோதுமையும் நிறுத்தியிருக்கும் நேரத்தில் ஊருக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்வேன். இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம் என்று அரிசியிலேயே நாளை ஓட்டிவிடலாம். நாங்கள் வசிக்கும் மெல்பர்னில் அரிசி மாவு பிஸ்கட்டுக்குக் கொடுக்கும் விலையில் கும்பகோணத்தில் ஒரு குடும்பமே டிபன் சாப்பிட்டுவிடும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. யாரிடம் என்ன கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பயணத்தில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதுகிறேன்.

முதலில் பையனைப் பற்றி. ஆறு வயது. அடிக்கடி வயிற்று வலி, உப்புசம், பேதி. சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) ரத்தப் பரிசோதனையை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்தோம். நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவை நம்ப முடியாது. நோய் இல்லை என்று வந்தது. அப்புறம் உணவியல் நிபுணரின் யோசனைப்படி பால், கோதுமை இரண்டையும் சில வாரங்கள் அறவே நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது என்று திட்டம். இதற்கு மேல் பையன் சாப்பாட்டில் பெரிய பிடிவாதக்காரன். சோறு வெள்ளையாக இருக்க வேண்டும், கறி அதன்மேல் படக்கூடாது, கறிவேப்பிலை ஒன்று கண்ணில் பட்டால் தட்டு அப்படியே திரும்பிவரும். இப்படிப்பட்ட பிள்ளையிடமிருந்து பிடித்த உணவைப் பிடுங்கினால், திரும்பக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வான் என்று உறுதியில்லை. நிபுணர் துணையில்லாமல் இதில் இறங்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

திரும்பச் சேர்த்துப் பார்க்கும் கட்டத்தை ஊரில் வைத்துக்கொள்ளவே இல்லை. புதுத் தண்ணீர், தூக்கம் கெட்டது, வெயில், பாட்டி கொடுக்கும் மாம்பழம் என்று வயிறு கலங்க ஆயிரம் காரணம் இருக்கும்போது, தயிரால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று யார் கண்டுபிடிப்பது? நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கட்டும் என்று போனோம்.

விமானத்தில் இரண்டும் இல்லாத சாப்பாடு கேட்பது சிரமம். குளூட்டன் இல்லாத உணவு என்று பதிந்தால் பால் வரலாம். வீகன், அதாவது விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் இல்லாத உணவு, என்று பதிந்தால் பால் வராது, ரொட்டி வரும். பழத்தட்டு என்று ஒரு வகை இருக்கிறது, பெரும்பாலான நிறுவனங்களில் முன்கூட்டியே சொன்னால் தருவார்கள். அதைப் பதிந்துவிட்டு, நல்லெண்ணெய் தடவிய இட்லியை டப்பாவில் கட்டிக்கொண்டோம். சிங்கப்பூர் வழியாகத் திருச்சி வரை அது தாங்கியது.

பாக்கெட்டில் வரும் பொருட்களைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி இந்தியாவிலும் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, சல்பைட் இவற்றைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்திரேலியாவில் எள் உண்டு. எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் பொருட்களின் பட்டியலை முழுக்கப் படியுங்கள். பச்சைப் புள்ளியை நம்பி யாரும் பால் இல்லை என்று நினைக்க வேண்டாம், அது சைவம் என்பதற்கான அடையாளம் மட்டும்தான். வீகன் பொருளுக்கு இலை முளைத்த வி எழுத்துடன் தனி முத்திரை இருக்கிறது, பால் விஷயத்தில் அதைப் பாருங்கள்.

ஏமாற்றுவது பெயர்கள்தான். கேழ்வரகு சேமியா என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும், பின்பக்கம் திருப்பினால் கோதுமை மாவு. பல கேழ்வரகு பிஸ்கட்டுகளில் மைதாவும் உண்டு. சத்துமாவில் கோதுமை சேர்ப்பவர்கள் நிறையப் பேர். உறவினர் வீட்டில் அன்போடு ஆற்றிக் கொடுக்கும் ஹார்லிக்ஸில் கோதுமை, பார்லி, பால் மூன்றுமே உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆள் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருவது. நெடி தாங்க முடியாது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை, சிலவற்றில் அரிசி. சாம்பார், ரசம், இட்லிப் பொடி, புளியோதரை, ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. டப்பாவின் பின்னால் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். என் அத்தை அந்த டப்பாவோடு முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார், இதுவரை திருப்பிப் பார்த்ததில்லை. அரிசி மாவு சேர்த்தது கடையில் கேட்டால் கிடைக்கிறது. வீட்டில் அதை மாற்றியதுமே ரசம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஒரு சிட்டிகையில் இருக்கும் கோதுமை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரச்சினையாகாது. சீலியாக் உள்ள பிள்ளைக்கு ஆகும். விலக்கும் வாரங்களில் இருப்பவர்களுக்கும், சிட்டிகைதானே என்று விட்டால் கணக்கு குழம்பிவிடும்.

ஓட்டல்களுக்கு வருவோம். பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமைப் பொருட்களைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் போன ஒரு பெரிய கடையில் அந்த விவரத்தைக் கேட்டதும் மேனேஜர் கைபேசியில் தேட ஆரம்பித்துவிட்டார். சின்னக் கடையில் அந்தத் தொல்லையே இல்லை, மாஸ்டரே எதிரில் நிற்கிறார். ஆனால் "பால் இருக்கா?" என்று கேட்டால் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது. பால் என்றால் டம்ளரில் இருப்பது. நெய்யும் மோரும் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. "கல்லுல நெய் தடவுவீங்களா? சட்னியில தயிர் சேர்ப்பீங்களா? இதே கல்லுல சப்பாத்தி போடுறீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ரவா தோசை பக்கம் போகவே வேண்டாம்: ரவை, மைதா, சில இடங்களில் மோர். புரோட்டா போடும் கல்லில் ஊற்றிய தோசையையும் விட்டுவிட்டு இட்லியோடு நின்றுகொள்வதே நல்லது.

அந்த இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைத்ததுதான் கடப்பா. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றுவது. எங்கள் தெருமுனை மெஸ்ஸில் மாஸ்டரிடம் பெருங்காயத்தையும் நெய்யையும் பற்றிக் கேட்டேன். "கடப்பாவுல எதுக்குக்கா பெருங்காயம்?" என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெளிர் மஞ்சளாக, உருளைக்கிழங்கு வாசனையோடு இருந்ததாலோ என்னவோ, பையன் முதல் நாள் விரலால் தொட்டு நக்கினான். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தோம், பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தோம். என்ன பரிமாறுவது என்பது பெரியவர்கள் பாடு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பாடு என்று மெல்பர்னில் நிபுணர் சொல்லியிருந்தார். உறவுகள் சூழ இருக்கும் வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது லேசில்லை, மெஸ்ஸில் முடிந்தது. கடைசியில் மிளகாயைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டு ஒரு கரண்டி கடப்பா சாப்பிடும் அளவுக்கு வந்துவிட்டான்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை மாவு மில்தான். அரிசி மாவு கடையில் கிடைக்கும், ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்ததா என்று தெரியாது. பச்சரிசியை ஊறவைத்து உலர்த்தி எடுத்துக்கொண்டு, அம்மா எப்போதும் போகும் மில்லுக்குப் போனேன். எப்படி விளக்குவது என்று தயங்கியபடியே ஆரம்பித்தேன். "கோதுமை ஒத்துக்காத புள்ளையா?" என்று மில்காரர் அங்கேயே முடித்துவிட்டார். மிளகாய் அரைத்த பிறகு யாரும் அரிசியைப் போட மாட்டார்கள் அல்லவா. முன்னால் என்ன ஓடியது என்பது அவருக்கு எப்போதும் நினைவிலிருக்கும் கணக்கு. "நாளைக்குக் காலைல கதவு தொறந்ததும் மொத ஆளா வந்துருங்கக்கா" என்றார். காலையில் போனால், மாவு கொட்டும் துணிக்குழாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ச் சுவரில் அடித்துத் தட்டினார். எங்கள் அரிசியிலிருந்தே இரண்டு கைப்பிடி போட்டு ஓட்டி, வந்த மாவைத் தனியாக ஒரு காகிதத்தில் வாங்கி, "இது கோழிக்கு" என்று ஓரமாக வைத்தார். அப்புறம்தான் எங்கள் அரிசி உள்ளே போனது. கேழ்வரகையும் அதன் பின்னாலேயே அரைத்துக் கொடுத்தார். கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை. பால் நிறுத்திய பிள்ளைக்குக் கேழ்வரகு பெரிய ஆறுதல், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. நிறம்தான் பிரச்சினை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கூழாகக் கொடுத்ததை "சாக்லேட்" என்று அவனாகவே பெயர் வைத்துக் குடித்தான். நாங்கள் திருத்தவில்லை.

அதற்கு நேர் எதிர், நகரத்தில் ஒரு சிறுதானிய உணவகம். குளூட்டன் ஃப்ரீ என்று ஆங்கிலத்தில் பலகையே வைத்திருந்தார்கள். திறந்த அடுப்படி, எட்டிப் பார்த்தால் தினை தோசையும் கோதுமைப் புரோட்டாவும் ஒரே கல்லில். உணவு ஆப்களில் எழுதும் குறிப்பும் அப்படித்தான். நெய் வேண்டாம் என்று எழுதியதற்கு, தனிக் கிண்ணத்தில் நெய் வைத்து அனுப்பினார்கள்.

ஒப்பிலியப்பன் கோவிலுக்குப் போகும்போது ஒரு சந்தோஷம். அங்கே பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம். உப்பில்லாத சாதம் பெரியவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. காரமும் புளிப்பும் பிடிக்காத எங்கள் வீட்டு மகராசன் அதைப் பார்த்ததும் கையை நீட்டிவிட்டான். நெய் பற்றி விசாரித்த பிறகு அந்தச் சாதத்தைக் கொடுக்க முடியவில்லை, காரில் வைத்திருந்த வெறும் சாதத்தைக் கொடுத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. கோவில் பிரசாதத்தில் விசாரிப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் மடைப்பள்ளியில் யாரும் கோபப்படவில்லை.

உறவினர்கள் பற்றி எழுதினால் தனியாக ஒரு கட்டுரை ஆகும். "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது" என்பதற்கு விளக்கம் சொல்லி மாளாது. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்ற ஒரே வரி வேலை செய்தது. பெரியப்பா நாட்டு மாட்டுப் பாலைச் சொம்பில் கொண்டுவந்து, "இது ஏ2, இதுல எதுவும் வராது" என்றார். அதிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது, பால் புரதங்களும் இருக்கின்றன. கேசின் என்ற பால் புரதத்தில் ஒரேயொரு வகைதான் மாறுகிறது. விளக்கிவிட்டு, அந்தப் பாலில் அவருக்கே காபி போட்டுக் கொடுத்தோம்.

மருத்துவச் சேவையில் ஒரு எச்சரிக்கை. சளிக்காக ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போன இடத்தில், ஒரே ரத்த மாதிரியில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒவ்வாமை பார்த்துவிடலாம் என்று பேக்கேஜ் விற்கப் பார்த்தார்கள். விலைப்பட்டியலில் ஐஜிஜி என்று இருந்தது. ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் காட்டும். இதைக் கொண்டு உணவு ஒவ்வாமையைக் கண்டறிய வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. பிடிவாதக் குழந்தைக்கு இது கூடுதல் ஆபத்து: சிவப்பு மையில் முப்பது உணவு வந்தால், பயந்துபோன வீடு முப்பதையும் நிறுத்திவிடும். அப்புறம் பிள்ளை எதைச் சாப்பிடும்? உடனே தடிப்பு, மூச்சுத்திணறல் வருகிற ஒவ்வாமைக்குத் தோலில் குத்திப் பார்ப்பதும் ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. அதையும் மருத்துவர் கதை முழுவதும் கேட்ட பிறகு எழுதிக்கொடுக்க வேண்டும்.

அந்த மாதிரிக் கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் அவசரத்துக்குப் போடும் அட்ரினலின் பேனா ஊசியை இங்கிருந்தே, மருத்துவர் கடிதத்தோடு, கைப்பையில் எடுத்துப் போங்கள். அங்கே தெருமுனை மருந்துக் கடையில் அது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

திரும்பும்போது மில்லில் அரைத்த மாவைக் கொண்டுவர ஆசைதான். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவானாலும் அறிவித்தே ஆக வேண்டும். பயணப்பெட்டியில் அரிசி, பருப்பு வகைகளுக்கு அனுமதியில்லை, வீட்டில் அரைத்த பெயரில்லாத பொட்டலத்தை வைத்து விளக்கம் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. மிச்ச மாவை அத்தைக்குக் கொடுத்துவிட்டு, பாத்திரக் கடைத் தெருவில் ஒரு பித்தளை இடியாப்ப அச்சு வாங்கிக்கொண்டேன். அதற்கு எந்த அதிகாரியும் ஒன்றும் கேட்கவில்லை. மெல்பர்ன் வந்து பையன் வயிறு ஒரு நிலைக்கு வந்த பிறகு, நிபுணர் சொன்ன வரிசைப்படி முதலில் கோதுமையைச் சேர்த்துப் பார்க்கிறோம். பால் அதற்கு அப்புறம்.